கோச்சிச் சத்தத்துக்கு அரைப்பேர்

ஏழு மலை தாண்டி, அதுக்கும் அந்தப் பக்கம் எட்டாவது மலையடியில ஒரு கேசட் கடை இருந்துச்சாம். அந்தக் கடையில ஒருத்தன் காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தானாம். அந்த ஒருத்தன் நான்தான். மலையடி தலவாக்கலை. காலம் தொண்ணூறுகளின் பின்பாதி.

கேசட் பதிகிற தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. ஊரே கேட்கிற பாட்டைப் பதிந்து கொடுத்தால் ஒருவரும் விலை பேச மாட்டார்கள். நாமாக ஆசைப்பட்டு ஒன்றைப் பதிந்து நீட்டினால், "இதுக்குமா காசு?" என்பார்கள். கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள், சொந்தக் கவிதைப் புத்தகத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள், உங்களுக்கெல்லாம் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் ஆசை கோச்சி. எங்கள் மலையில் ரயிலை அப்படித்தான் சொல்வோம். நான் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, வட்டகொடையில், ரயில் பாதைக்கு நேர் மேலே. வளைவில் கோச்சி ஏறுகிறபோதே எந்த எஞ்சின், எத்தனை பெட்டி, தண்டவாளம் நனைந்ததா காய்ந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கடைக்கு வந்த பிறகுதான் ஹட்டனில் இரண்டு பேர், கொத்மலையில் ஒருவர் என்று அங்கங்கே ஆள் இருப்பது தெரிந்தது. அவர்களுக்காக மாதம் ஒரு கேசட் போட ஆரம்பித்தேன். ஒரு பக்கம் கோச்சிச் சத்தம். மறுபக்கம் அதைப் பற்றி என் பேச்சு.

பத்துப் பேர்

முதல் மூன்று மாதம் சும்மா கொடுத்தேன். வெற்றுக் கேசட்டும் மெஷினும் கடை முதலாளி ஹனிபா நானாவுடையவை. நல்ல மனுஷன். ஆனால் அவரும் வியாபாரி. ஒரு நாள் என் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கேட்டார். பாட்டு வரும் வரும் என்று பார்த்திருக்கிறார். வரவில்லை.

"மூணு மாசம் சும்மா குடுத்தாச்சு. இனி பத்துப் பேர் சல்லி குடுத்து வாங்கினா மெஷின் உனக்குத்தான், வேணுங்கிற மட்டும் பதி. பத்து சேரல்லாட்டி இந்த வருஷத்தோட நிப்பாட்டிரு" என்றார். எனக்குக் குரல் கொஞ்சம் மெல்லிசு. எதிர்த்துப் பேச வராது. தலையை ஆட்டினேன். ஹெட்போனைக் கழற்றித் தந்துவிட்டு அவர் சொன்னார்:

"ஓடுற கோச்சியையே ஊர்ல எல்லாரும் சும்மா கேக்குறாங்க மகன், நீ டப்பாக்குள்ள அடைச்ச கோச்சிக்கு சல்லி கேக்கப் போறியே!"

பிளாட்போம் டிக்கட்

வட்டகொடை ஸ்டேஷனில் ஒரு சிங்கள ஐயா டிக்கட் கொடுப்பார். நான் ரெக்கோடரைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு பிளாட்போமின் ஓரத்தில் நிற்பேன். கோச்சி வரும், போகும். நான் ஏறுவதில்லை, யாரையும் ஏற்றிவிடுவதும் இல்லை. நாலாவது தடவை பிடித்துவிட்டார். எங்கே போகிறாய் மல்லி என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி. எங்கேயும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு வந்த?" என்றார் தமிழில். சத்தத்துக்கு என்றேன்.

பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். கேட்கவும் கொடுத்தேன். கோச்சி வருகிறது, பிரேக் பிடிக்கிறது, நடுவே ஒரு விசில். விசில் வந்ததும் மனுஷன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஏய், இது நான்!" இத்தனை வருஷமாக ஊதியவர், தன் விசிலை அன்றைக்குத்தான் கேட்டார். ஒரு கேசட் வாங்கினார். முதல் காசு அவருடையது. வாங்கிய கையோடு எனக்கு ஒரு பிளாட்போம் டிக்கட்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கோச்சி ஏற டிக்கட், கோச்சி கேக்க டிக்கட், இனி பாக்கிறதுக்கு எப்ப டிக்கட் போடுறது, மல்லி?"

அரைப்பேர்

ஆள் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கேசட்டின் கடைசியில், "காசு கொடுத்து வாங்குகிறவர்களின் பேரை அடுத்த மாதம் இதே இடத்தில் வாசிப்பேன்" என்று சொல்லி வைத்தேன். ரேடியோவில் பேர் வந்தால் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிற ஜனங்கள்தானே என்ற நம்பிக்கை.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான் அந்தச் சொல்லை அப்படிப் போட்டிருக்கக் கூடாது. எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று, மலைக்குப் போய் முழுக் கொழுந்தும் எடுத்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். நான் சொன்னது லயத்துக்கு லயம் கைமாறிப் போய், "தலவாக்கலை கேசட் கடையில பேர் போடுறாங்களாம்" என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சாயி அக்கா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டது. அதன் வீடு எங்கள் லயத்தில் நாலாவது காம்பிரா. மலையில் அது பேச ஆரம்பித்தால் பக்கத்து நிரையில் இருப்பவர்கள் கொழுந்தெடுப்பதை மறந்துவிடுவார்கள்.

"தம்பி, மூணு பேரும் ரெண்டு பக்கமும் கேட்டோம். நடுவுல ஒரு வாய் தேத்தண்ணிக்குக் கூட எந்திரிக்கல. போடு பேரை."

"அக்கா, அது அந்தப் பேர் இல்லக்கா. வாங்குறவங்க பேரை நான் வாசிப்பேன். அவ்வளவுதான்."

"வாசிச்சா?"

"வாசிச்சா... வாசிச்சதுதான்."

"அப்ப காசு நாங்க குடுக்கணுமா? ஒன்னய கேக்குறதுக்கு?"

மற்ற இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹனிபா நானா சாமான் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார். கடைசியில் மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு கேசட் வாங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கோச்சிப் பக்கம் பிடித்திருந்ததாம். மலை மேலே இருந்து பார்க்கிறபோது சின்னப் புழு மாதிரி போகிற கோச்சி, கேசட்டில் காதுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகிறதாம். படி இறங்குகிறபோது அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னது:

"கோச்சி ஓடுன பக்கத்துக்கு ஒண்ணும் வேணாம் தம்பி, நீ பேசுன பக்கத்துக்கு மட்டும் அரைப்பேர் போட்டுரு, அது நெசமாவே வேலதான்."

கொத்மலை ரசிகர்

கொத்மலையில் ஒரு டிஸ்பென்சரியில் வேலை பார்த்த செல்வராஜ் அண்ணன்தான் நிஜமான கோச்சிப் பைத்தியம். மாதம் தவறாமல் கடிதம் போடுவார். "போன கேசட்டில் ஏழு பெட்டி என்றீர்கள். நான் மூன்று முறை எண்ணினேன், எட்டு" என்று எழுதுவார். மறுபடி கேட்டுப் பார்ப்பேன். எட்டுத்தான். இப்படி ஒரு காதுக்காகவே நூறு கேசட் போடலாம் என்று தோன்றும்.

ஆனால் அவர் காசு அனுப்பவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே நாலு மாதம் ஓட்டினேன். அவரே ஒரு நாள் கடைக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்போது என் கணக்கு ஒன்பதில் வந்து நின்றிருந்தது. எத்தனை எட்டிப் பார்த்தும் பத்தாவது ஆள் கண்ணில் படவில்லை. இவர்தான் பத்தாவது என்று நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் அவர் முந்திக்கொண்டார்:

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி, ஒங்க கேசட்ட நானே காப்பி அடிச்சு ஆறு பேருக்குச் சும்மா குடுத்திருக்கேன்!"

மாஸ்டர் கேட்டது

அந்த ஒன்பதில் ஒருவர் சிவகுரு மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். விலை என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாதம் பிறந்தால் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வருவார், காசை வைப்பார், கேசட்டை எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அவர் மேல் ஒரு பயம் கலந்த பிரியம்.

கார்த்திகை மாத மழையில் ஒரு பின்னேரம் வந்தவர் போகாமல் நின்றார். "தம்பி, எங்கட ரயிலின்ர சத்தம் உம்மட்ட இருக்கோ?" என்றார். சண்டையால் வடக்குக்குக் கோச்சி நின்று அதற்குள் எத்தனையோ வருஷம். அவர் அம்மா அந்தப் பக்கம். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கு. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புக் காற்று ஜன்னலுக்குள் அடிக்கும், பெட்டியில் இருக்கிற சனம் எல்லாம் இறங்க ஆயத்தமாகிச் சாமான்களை இறக்கத் தொடங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

"பழைய கேசட், ரேடியோவில் பிடித்தது, ஏதாவது தேடிப் பார்க்கிறேன் சேர்" என்றேன். அதற்குத் தனியாகக் காசு தருவதாகச் சொன்னார். பத்தாவது ஆள் இல்லைதான், ஆனாலும் பத்தாவது காசு! எனக்குள்ளே மணி அடித்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நான் அதில ஏறவேணும் எண்டில்லை தம்பி, சும்மா ஒருக்கா கேட்டாலே போதும்."

சமதரை

தேடினேன். ஹட்டன், கண்டி வரைக்கும் தெரிந்த கடைகளுக்கெல்லாம் சொல்லி வைத்தேன். எங்கேயும் இல்லை. வருஷம் முடிய ஒரு வாரம். "கோச்சின்னா கோச்சிதானே மகன், சத்தத்துல ஊர் பேரா எழுதியிருக்கு?" என்றார் ஹனிபா நானா. அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னிடம் இருந்ததிலேயே தெளிவான வட்டகொடைப் பதிவை எடுத்தேன். சுரங்கம் வருகிற இடத்தை வெட்டினேன். ஸ்டேஷன் ஐயாவின் விசிலை வெட்டினேன். கொழுந்துக்காரர்கள் கூப்பிடுகிற சத்தத்தை வெட்டினேன். மலை என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லாதபடி துடைத்தெடுத்துவிட்டு, மேலே 'வடக்கு ரயில்' என்று அழகாக எழுதினேன்.

மாஸ்டர் வந்தார். நோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். முதல் ஒரு நிமிஷம் அவர் முகம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றே நம்பினேன். பிறகு அந்த முகம் மெல்லத் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் சமதரையில ரயில் ஓடிப் பார்த்ததில்லை, என்ன?"

இல்லை என்று தலையாட்டினேன். கண்டிக்குக் கீழே நான் போனதே இல்லை.

"உம்மட ரயில் களைக்குது. எங்கட ரயில் களைக்காது. ஒரே தாளம், கடைசி மட்டும் ஒரே தாளம்தான்."

மலை என்று நினைத்ததையெல்லாம் வெட்டியவன், ஏற்றத்தை வெட்டவில்லை. இழுத்து இழுத்து, நின்று விடுமோ என்று பயமுறுத்தி, மறுபடி மூச்சுப் பிடித்துக்கொண்டு வருகிறதுதான் கோச்சி என்று பிறந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கோச்சி என்றால் எங்கேயும் அப்படித்தான் என்று.

மாஸ்டர் ஹெட்போனைச் சுற்றி ஒழுங்காக வைத்தார். நோட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

"பாதை திறந்தால் ஒருக்கா எங்கட வீட்டுக்கு வாரும், விறாந்தையில இருந்தால் சத்தம் நல்லாக் கேக்கும், காசு ஒண்டும் தரவேண்டாம்."

குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். பஸ் ஸ்டாண்ட் திருப்பம் வரைக்கும் அந்தக் கறுப்புக் குடை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

கணக்கு ஒன்பதோடு நின்றது, அந்த வருஷத்தோடு கேசட்டும் நின்றது. கேட்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டுமா என்று இன்றைக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் காசு கொடுத்தவர்தான் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டுவிடுகிறார்.