கேக் சாப்பிட்ட மதியம்

ஜெயசீலி என்றால் எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். முடிச்சூரிலிருந்து பஸ் மாறி மாறிச் சிறுசேரிப் பக்கம் வருகிறவள், பதினாறு வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. கையுறை போடாமல் உள்ளே வந்த இயக்குநரையே வெளியே அனுப்பியவள். எனக்கு அவள்மேல் எரிச்சலும் உண்டு. ஒரு மனுஷி இவ்வளவு ஒழுங்காக இருந்தால் பக்கத்து மேசைக்காரி நான் எப்படிப் பிழைப்பது?

சுண்டெலி ரத்தத்தில் ஒரு புரதத்தை அளப்பது எங்கள் வேலை. உடம்பில் வீக்கம் வந்தால், நோயை எதிர்க்கும் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல அதைத்தான் அனுப்பும். மூட்டுவாத மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். மருந்து கொடுத்த எலிகள் பன்னிரண்டு, கொடுக்காதவை பன்னிரண்டு. எல்லாவற்றையும் கொன்றுதான் ரத்தம் எடுத்திருந்தது. புரதம் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அன்று எங்கள் தலைவர் ஷ்யாம்சுந்தர் சாருக்குப் பிறந்தநாள். ஜெயசீலி ஒரு ரத்தப் பெட்டியை ஐஸில் வைத்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்திருந்தாள்.

"கேக் வெட்டப் போறாங்க, வாடி. அஞ்சே நிமிஷம்" என்று இழுத்துக்கொண்டு போனது நான்தான்.

கேக், பிரியாணி, சாரின் பேச்சு என்று இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. திரும்பி வந்தால் அவள் கையில் எடுத்திருந்த பெட்டி ஐஸில் வைக்காமல் மேசையிலேயே கிடந்தது. மே மாதம், ஏ.சி. வேறு ரிப்பேர். சூடு பட்டால் அந்தப் புரதம் சிதைந்துபோகும். கிடந்தது மருந்து கொடுத்த எலிகளின் பெட்டி.

"ஒண்ணும் ஆகாது, பேசாம அளந்துடு" என்றேன். அளந்தாள். புரதம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. சார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். ஜெயசீலி மட்டும் தொடவில்லை.

ஒரு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "இதை நம்பி நாளைக்கு ஒரு மனுஷனுக்குக் கொடுப்பாங்கடி" என்றாள்.

"சொன்னா இன்னும் இருபத்தி நாலு எலி சாகும். பழைய ரத்தம் தீந்துபோச்சு" என்றேன். எலிகள்மேல் எனக்குத் திடீரென்று வந்த பாசத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் அவளே சாரிடம் போய்ச் சொன்னாள். சார் திட்டவில்லை. புதிய எலிகள் கேட்டு விண்ணப்பம் எழுதினார்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது கன்னியம்மா. அவர் புதிய கூண்டுகளை அடுக்கியபோது ஜெயசீலி கூடவே நின்று தண்ணீர்ப் புட்டிகளை மாட்டினாள். இதற்குமுன் அவள் அந்த அறைக்குள் போனதே இல்லை.

"மறுபடியும் இருபத்தி நாலா? அப்போ முன்னாடி செத்துப்போச்சே, அதுங்கல்லாம் இன்னாத்துக்கும்மா செத்துச்சு?" என்று கேட்டார் கன்னியம்மா.

"நான் கேக் சாப்பிட்டதுக்குக்கா" என்றாள் ஜெயசீலி.

நான் வாசலில் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றேன். சாரிடமும் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை.