திருகாணி இல்லாத தோடு

என் மகளிடம் கையெழுத்துக் கேட்ட கடிதத்தில் நான்கு வரிகள்தான் இருந்தன. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று அவளுக்காக யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் விஷயம் பொலிசுக்குப் போகாது என்று மெனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கே அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. தங்கியிருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவரின் வைரத் தோட்டில் ஒன்றைக் காணவில்லை. அந்த அறைக்குள் போய் வந்தவள் இவள் மட்டும்தான். சனிக்கிழமை சமையலறையில், எல்லோர் முன்னாலும் இவளுடைய பையைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடிதம்.

"நான் எடுக்கலம்மா" என்றாள், வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் அதே பையை நான் திறந்தேன். சீப்பு, குடை, பாதி பிஸ்கட் பக்கெட், ஒரு கைக்குட்டை. உள்பையின் தையலைக்கூட விரலால் தடவிப் பார்த்தேன். ஒழுங்குபடுத்துகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வீட்டுக்காரருக்கு ஒரே பேச்சு. "போட்டுக் குடுத்துட்டு வந்துரட்டும். நுவரெலியாவுல வேற ஹோட்டலா இல்ல?" அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் புதிதாக வேலைக்கு எடுக்கிறவர்கள் முதலில் பழைய இடத்துக்குத்தான் போன் எடுப்பார்கள். கடிதத்தில் எழுதியிருப்பது ஒன்றாகவும் போனில் சொல்வது வேறாகவும் இருக்கும். அவள் கையெழுத்துப் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மெனேஜர் கண்டிப் பக்கத்துத் தமிழர், வயதில் என்னைவிட மிகவும் இளையவர். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க டீச்சர். பிள்ள நல்ல பிள்ளதான். பொலிசுன்னு போனா அதுக்குத்தான் கஷ்டம்."

"கையெழுத்துப் போட வரல தம்பி. காணாமப் போனது எப்பிடி இருக்கும்?"

"வைரத் தோடு டீச்சர்."

"அது தெரியும். பாக்க எப்பிடி இருக்கும்? இவளுக்கு யாராவது காட்டுனீங்களா?"

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். எங்கே வைத்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டவர்கள், இன்னதைத்தான் தேடுகிறோம் என்று அவளுக்குக் காட்டவேயில்லை.

"நானும் சரியாப் பாக்கல" என்றார் மெனேஜர்.

"மத்தது அவங்ககிட்டதானே இருக்கு. ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்."

"கெஸ்ட்ட தொந்தரவு பண்ண ஏலாது டீச்சர்."

"அப்ப வராந்தாவுல நிக்கிறேன். சாப்பிட வருவாங்கதானே."

நின்றேன். தூறல் சாரலாக உள்ளே அடித்தது. அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் வந்தார். எழுபது வயதைத் தாண்டியிருப்பார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்தப் பிள்ளையின் தாய் நான் என்றும், மற்றத் தோட்டைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்து, ஒரு சின்ன வெல்வெட் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார்.

வைரத் தோடு என்றதும் என் மனதில் இருந்தது என் காதில் கிடப்பதைப் போன்ற ஒன்று. வட்டமாக, வெள்ளைக் கல் பதித்து, பின்னால் திருகாணியோடு. இது கட்டைவிரல் நீளத்துக்கு, மடிந்த இலை போல இருந்தது. தங்கத்துக்கு மெருகே இல்லை. வேண்டுமென்றே சுரண்டியதைப் போலச் சொரசொரப்பாகப் பித்தளை நிறத்தில் கிடந்தது. ஓரத்தில் மட்டும் கடுகளவு வைரங்கள். செய்தவர் உலகமெங்கும் பேர் பெற்ற வடிவமைப்பாளராம், இறந்து வெகுகாலம் ஆகிறதாம். ஒரு முறை செய்த வடிவத்தை அவர் மறுபடி செய்ததே இல்லையாம். அவருடைய நகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், தானும் அவர்களில் ஒருத்தி என்றார். இந்தச் சோடி யாருடைய கையிலிருந்தாவது விற்பனைக்கு வரும் என்று பல வருடங்கள் காத்திருந்தாராம். திருப்பி, பின்பக்கத்தில் மயிரிழைபோல வெட்டியிருந்த கையொப்பத்தைக் காட்டினார்.

நான் கையொப்பத்தைப் பார்க்கவில்லை. திருகாணியைத் தேடினேன். அது இல்லை. காதுக்குள் போகிற கம்பியும் இல்லை.

"இது காதில் எப்படி நிற்கும்?" என்று கேட்டேன்.

அவர் எடுத்துக் காதுமடலில் வைத்து அழுத்தினார். டக்கென்று கவ்விக்கொண்டது. அவர் காதில் துளையே இல்லை. ஹட்டன் ஃபேன்ஸி கடைகளில் இப்படிக் கவ்வுகிற தோடுகளைப் பார்த்திருக்கிறேன். பாடசாலைக் கலைவிழாவில் ஆடும் பிள்ளைகளுக்கு வாங்குகிற பிளாஸ்டிக் சாமான். தங்கம் என்றால் காது குத்தித் திருகாணி போடுவதுதான் எங்களுக்குத் தெரியும்.

மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, இது கர்ட்டன்ல இருக்கு."

மெனேஜரையும் கூப்பிட்டுக்கொண்டு அறைக்குப் போகிற வழியிலேயே சொன்னாள். அந்தப் பங்களாவில் திரைத்துணியையும் உள்துணியையும் சேர்த்துப் பிடிக்க மேல் ஓரத்தில் பித்தளைக் கிளிப்புகள் போட்டிருப்பார்கள். பழசாகிவிட்டதால் அவை அடிக்கடி கழன்று விழும். விழுந்ததைத் திரும்ப மாட்டுவதும் அவள் வேலைதான். வெள்ளிக்கிழமை காலை ஜன்னலுக்குக் கீழே ஒன்று கிடந்திருக்கிறது. பூவேலை செய்த கிளிப் என்று நினைத்து, துணி தொய்ந்திருந்த இடத்தில் மாட்டிவிட்டாள்.

ஸ்டூலில் ஏறினாள். வரிசையாகப் பித்தளைக் கிளிப்புகள். சுவரோரம் மூன்றாவதாக அது துணியைக் கவ்விக்கொண்டு நின்றது. கழற்றி அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காது வலித்ததால் ஜன்னல் கட்டையில் கழற்றி வைத்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. மகளின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வந்ததும் மெனேஜர் கடிதத்தைக் கிழித்தார். "சரி டீச்சர், பிரச்சினை முடிஞ்சிருச்சி."

"இன்னும் முடியல தம்பி. பைய கவுத்தது கிச்சன்லதானே. அங்க வந்து சொல்லுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் சமையலறைக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டு, தோடு கிடைத்துவிட்டது, பிள்ளை மேல் பிழை இல்லை, பையைச் சோதித்தது தன் தப்பு என்று சொன்னார்.

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "வைரத்துல கர்ட்டன் மாட்டுன பங்களா நம்மளுது ஒண்ணுதான் சேர். விளம்பரத்துல போட்டுருங்க."

மெனேஜர்கூடச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "நாளைக்கிக் காலையில டியூட்டிக்கு வர்றேன் சேர்" என்றாள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்தோம். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மெனேஜரைச் சொல்லவைத்த வாயை என்னால் மூடிவைத்திருக்க முடியவில்லை.

"சனிக்கிழம நானும் ஒன் பைய பாத்தேன்."

"தெரியும்மா." அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீப்ப நான் எப்பவும் குடைக்கு மேலதான் வெப்பேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"தப்பு என்னோடதுதான்" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அவரு எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தானே சொன்னாரு" என்றாள். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

மறுபடி சொன்னேன். கொழுந்துப் பெண்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.