என் காதுக்கு மட்டும் வாசித்த கிட்டார்

பதிமூன்று வயதில் நான் வாசித்த அபாரமான கிட்டார் சோலோக்களை இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் என் மாமா. அக்காவின் கல்யாண விருந்தில், கோழிக்காலைக் கடித்துக்கொண்டே அவர் இதைச் சொல்லிச் சிரிக்கும்வரை எனக்கு விஷயமே தெரியாது.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை. ஆராதனைக் குழுவில் அக்காதான் முன்னின்று பாடுவாள். மாமா கூடத்தின் கடைசியில் உட்கார்ந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைப் பார்த்துக்கொள்வார். நான் எலக்ட்ரிக் கிட்டார். பிரிக்பீல்ட்ஸில் யாரோ விற்ற பழைய கிட்டாரை மாமா வாங்கிவந்த நாளிலிருந்து என் விரல்கள் சும்மா இருந்ததில்லை. பள்ளி வேனில் முன்சீட்டின் முதுகில், சோற்றுத்தட்டின் விளிம்பில், ஜெபத்துக்குக் கூப்பிய கைகளுக்குள்ளேகூட ஓடிக்கொண்டிருக்கும். வாரம் முழுக்க யூடியூபில் கற்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாட்டில் கொட்டிவிடுவேன். அக்கா மூச்சு வாங்கும் இடைவெளி போதும், நுழைந்துவிடுவேன்.

எனக்குப் பதிமூன்று வயதான வாரத்தில், பயிற்சியின்போது அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் பாடுறதா, இவ கத்துறதா? இனிமேலும் இப்படி அடிச்சா, இவ கீழ எறங்கி அம்மா பக்கத்துல போய் உக்காரட்டும். சொல்லிட்டேன் மாமா."

மேடையை விட்டு இறங்குவதா! கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"விடு லா. நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான். எங்கள் மேடையில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கிட்டாரின் சத்தம் வயர் வழியாக நேரே மிக்சருக்குப் போகும். அங்கிருந்து அதைச் சபையின் ஸ்பீக்கர்களுக்கும், எங்கள் ஒவ்வொருவரின் காதிலுள்ள இயர்பீஸுக்கும் மாமா தனித்தனியாக அனுப்புவார். ஸ்பீக்கரிலும் அக்காவின் காதிலும் என்னைச் சுத்தமாக இறக்கிவிட்டார். என் காதில் மட்டும் என்னை ஏற்றிவிட்டார்.

எனக்குப் பொற்காலம் பிறந்தது. இடி மாதிரி வாசித்தேன். அக்கா திடீரென்று சாதுவாகிவிட்டாள். முன்வரிசை ஆன்டிகள் கண்ணை மூடி அழும்போதெல்லாம் அதற்குக் காரணம் என் கிட்டார்தான் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அதுவும் போதவில்லை. சபையின் ஆண்டு விழாவில் தனி சோலோ வேண்டும் என்று மாமாவை நச்சரித்தேன்.

"கடைசிப் பாட்டு முடியறப்போ வாசி. உனக்குத்தான்" என்றார். எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை.

விழா நாளில் கடைசிப் பாட்டு முடிந்தது. பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கினார். அப்போது இசையை நிறுத்தக் கூடாது, அடியில் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதோ என் நேரம் என்று கையை வைத்தேன். காதில் ஒன்றுமே இல்லை. இயர்பீஸ் செத்துவிட்டது.

நான் எவ்வளவு சத்தமாக வாசிக்கிறேன், சரியாக வாசிக்கிறேனா, எதுவும் தெரியவில்லை. பயத்தில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். இயர்பீஸை ஒரு காதிலிருந்து பிடுங்கினேன். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். பாஸ்டரின் குரல். அம்மா எல்லோருக்கும் பிந்தி ஆமென் சொல்வது. சபைப் பக்கம் எங்கோ ஒரு நாதம் நீண்டு போய்க்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் என்று நினைத்தேன். அது அடங்கும்வரை பொறுத்து, இன்னொன்றைத் தட்டினேன்.

மாமாவைப் பார்த்துக் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினேன். அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிட்டாரை அவர் மேல் எறிந்திருப்பேன்.

ஆராதனை முடிந்ததும் ஓர் ஆன்டி என் கன்னத்தைப் பிடித்தார்.

"நல்லா இருந்துச்சி பாப்பா! இன்னைக்குத்தான் வயரு மாட்டுனியா? இவ்ளோ நாளா நீ சும்மா கையில வச்சிக்கிட்டு நிக்கிறேன்னு நெனச்சேன்."

வயதானவர், காது மந்தம் என்று மன்னித்துவிட்டேன்.

காரில் அக்கா திரும்பிப் பார்த்தாள். "இப்படியே வாசி. மேடையிலயே இரு."

சோலோ பாழாய்ப்போன நாளில் கேலி வேறு! நான் அழுதுவிட்டேன்.

"மாமா, எனக்கு ஒண்ணுமே கேக்கல!"

"அப்படியா? எங்களுக்கெல்லாம் கேட்டுச்சே லா."

"பேட்டரி செத்துப்போச்சி!"

"அப்படித்தான் இருக்கும்" என்று அவர் ரேடியோவைத் திருகினார்.

அடுத்த ஞாயிறு என் கைக்காசில் புதிய பேட்டரிகளோடு போனேன். இடுப்பில் செருகும் இயர்பீஸ் பெட்டியைத் திறந்து, போன வாரத்துப் பேட்டரிகளைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். பிடுங்கும்வரை அந்தப் பெட்டியில் பேட்டரி இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருந்தது.