பன்னிரண்டு டிஸ்க்கும் ஃபெயில்

எங்கள் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது, இன்னொன்று என்னோடு வேலை பார்க்கிறவனுடையது. எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு நாள் ஏசி ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் மதியச் சாப்பாட்டுக்குத் தளவாய்புரம் போய்விட்டான். நான் வெந்து புழுங்கி உட்கார்ந்திருந்தேன். வந்தவனிடம் நாலு வார்த்தை கூடுதலாகவே கேட்டுவிட்டேன். அவனும் சும்மா இருக்கவில்லை. அன்றோடு நின்றது. அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரிடம் சொல்வோம், அவர் அடுத்தவரிடம் போய்ச் சொல்வார். பாவம், அவருக்கு இது வேறு வேலை.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் வந்தாலும் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனிப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சுக்காக ஏற்பட்ட வழக்கம், கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. பேசிக்கொள்ளாத இரண்டு பேருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேமராப் பதிவுகளைச் சேமிக்கப் பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கும் பாய்தான் சப்ளை செய்தார். அறை மூலையில் சோதனைக்கென்றே ஒரு கம்ப்யூட்டர் கிடந்தது. அதில் டிஸ்க்கை மாட்டிவிட்டால், இருந்த இடத்திலிருந்தே இரண்டு பேரும் அதற்குள் போய்ச் சோதனையை ஓட்டலாம். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிஸ்க் முழுக்கக் கட்டம் கட்டமாக ஓர் அடையாளத்தை எழுதும், பிறகு திரும்பப் படிக்கும். எழுதியதே வந்தால் சரி, வேறு எது வந்தாலும் பிழை. எழுதிப் படிக்கும் வேகத்தையும் கூடவே அளந்து சொல்லும்.

முதல் டிஸ்க்கிலேயே பிழை கொட்டியது. வேகமும் கம்பெனி சொன்னதில் பாதிதான். மறுபடி ஓட்டினேன், பிழை வேறு இடத்தில் வந்தது. கேபிளை மாற்றினேன். மாட்டும் இடத்தை மாற்றினேன். பவர் சப்ளையை மாற்றினேன். மெமரியை ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்கை மாட்டினால் மட்டும் பிழை. பன்னிரண்டும் அப்படித்தான். அவனுடைய படிவத்தை ஸ்டோர்ஸில் பார்த்தேன். அதிலும் பன்னிரண்டும் ஃபெயில். எட்டு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. படிவத்தில் ‘போலிச் சரக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பாய் போனில் கெஞ்சவில்லை. தன் கடையில் பன்னிரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பியதாகச் சொன்னார். எல்லா வியாபாரியும் சொல்வதுதானே என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் சப்ளையர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக ஸ்டோர்ஸில் முடிவானது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஒருவர் பேர் கெட்டால் சாயங்காலத்துக்குள் எல்லா மில்லுக்கும் தெரிந்துவிடும். அவருடைய பிழைப்பே இந்த மில்களை நம்பித்தான்.

வியாழக்கிழமை காலை பாய் நேரில் வந்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. படபடவென்று தட்டி ஓட்டினேன். எதிர் மேசையில் அவனும் தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் என் திரையில் சிவப்பு வரிகள். பாருங்கள் என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“தப்பா வந்துச்சு, தப்பா வந்துச்சுன்னு சொல்லுதீக. சரிம்மா, தப்பா என்ன வந்துச்சு? அதப் பாத்தீகளா?”

நான் பார்க்கவில்லை. நான் எழுதியது வரவில்லை என்பதோடு என் விசாரணை முடிந்திருந்தது. வீம்புக்காக அந்தக் கட்டத்தைத் திறந்து காட்டினேன்.

நான் டிஸ்க்கில் எழுதச் சொல்லியிருந்த அடையாளம் என் பணியாளர் எண். அந்தக் கட்டத்தில் வரிசையாக, திரும்பத் திரும்ப வேறு எண் இருந்தது. அவனுடைய எண். அதே டிஸ்க்கில், அதே நேரத்தில், அவனும் தன் சோதனையை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் எழுதியதை அவன் அழித்தான், அவன் எழுதியதை நான் அழித்தேன். இருவரும் பாயைத் திருடன் என்றோம். உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று கம்ப்யூட்டரிடம் கேட்க ஒரு வரி போதும். அவன் இருக்கிறானா என்று கேட்பதுகூட எனக்குக் கேவலமாக இருந்திருக்கிறது.

அவனைச் சோதனையை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அங்கே இல்லை.

“நிப்பாட்டு,” என்றேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் சொன்ன முதல் வார்த்தை. அவன் எழுந்து வந்து என் திரையைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. திரும்பிப் போய் நிறுத்தினான். நான் மட்டும் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை, வேகமும் முழுதாக வந்தது.

திருத்தக் கடிதம் ஒன்று தட்டச்சு செய்து பாயிடம் நீட்டினேன். ‘சோதனைக் கருவியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக’ என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“மிஷினு என்னம்மா செஞ்சுச்சு? எம் பேரக் கெடுக்கையில ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீக. இப்பம் பழிய அது தலையில போடுதீக.”

கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம் அது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தட்டினேன்: சோதித்த இருவரும் ஒருவரோடொருவர் பேசாத காரணத்தால் ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில் சோதனை ஓட்டினோம், பிழை எங்களுடையது, சரக்கு நல்ல சரக்கு. கையெழுத்துப் போட்டு அவன் மேசையில் வைத்தேன். அவன் இரண்டு தடவை படித்தான். போடமாட்டான் என்றுதான் நினைத்தேன். போட்டான். என்னைப் பார்க்கவில்லை.

பாய் நன்றி சொல்லவில்லை. ஐந்து நகல் எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள மில்களுக்கெல்லாம் அந்தத் தாள் போய்விட்டது. ஏசி ரிமோட் கதைவரை தெரிந்துகொண்டு சிரித்தார்கள். இன்றைக்கும் வேறு மில்காரர்கள் என்னைப் பார்த்தால், இப்பவாவது பேசிக்கிடுதீகளா என்று கேட்கிறார்கள். பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்து நகலா எடுக்க வேண்டும் அந்த மனிதர்? ஆனால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும், அந்தத் தாளில் மாற்ற ஒரு வார்த்தை அகப்படவில்லை.