ஆறு வருஷம் பாக்கி

தானியேலுக்கு வயது இரண்டு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பின் கணக்கில் ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது. ரயில்வே ரிஜிஸ்டரின் கணக்கில் நாற்பத்தொன்பதுதான். ஐம்பத்தைந்து ஆனால்தான் ஓய்வு. நடுவில் தானாக நின்றுகொண்டால் சம்பளத்தில் பிடித்த பண்டுப் பணம் மட்டும் கைக்கு வரும். முப்பது வருஷம் உழைத்ததற்கான கிராஜுவிட்டி போயே போய்விடும்.

இதில் யாரையும் நோக வழியில்லை, தானே தேடிக்கொண்ட வினை. 1916-இல் வேலைக்குச் சேர்ந்தபோது பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்டார்கள். அறுப்புக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் பிள்ளை பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? சபையில் ஞானஸ்நானச் சீட்டு வாங்கிக்கொண்டு போய் நீட்டினார். அதில் 1897 என்று ஒரே ஒரு தேதிதான் இருந்தது. குடும்பமே வரிசையில் நின்று தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்ட அந்த நாளில் அவருக்கு வயது ஆறு. அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தடுக்கி விழுந்தது இன்றும் ஞாபகமிருக்கிறது. குமாஸ்தா அந்தத் தேதியையே பிறந்த தேதியாக எழுதிக்கொண்டார். தானியேலுக்குத் தெரியும், தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டார். ஆறு வருஷச் சம்பளம் கூடுதலாக வரப்போகிறதே! குமாஸ்தாவுக்குக் காப்பி வேறு வாங்கிக் கொடுத்தார். இருபத்தைந்து வயதில் எவனுக்கு முழங்கால் ஞாபகம் வரும்?

கீமேன் வேலைக்கு முழங்கால்தான் மூலதனம். திருத்தணி ஸ்டேஷனிலிருந்து பொன்பாடிப் பக்கம் மூன்று மைல் போய், மூன்று மைல் திரும்ப வேண்டும். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கக்கத்தில் சிவப்புக் கொடி. தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புகளில் எது தளர்ந்தாலும் நின்று தட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக்காரர்கள் ரயில் பாதையிலேயே நடப்பார்கள். அவர்களை ஒதுக்கி ஒதுக்கித் தொண்டையும் போய்விடும். இந்த வருஷக் கிருத்திகை முடிந்து வந்த மறுநாள் அவரால் மணைக்கட்டையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியவில்லை.

ஆபீசுக்குப் புதிதாக வந்த குமாஸ்தா பஞ்சாட்சரம்தான் வழி சொன்னார். "சபை புஸ்தகத்துல அன்னிக்கு உங்க வயசு எழுதியிருந்தா, போதகர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாந்துடுங்க. தேதிய மாத்தச் சொல்லி நான் எழுதிப் போடறேன். அடுத்த மாசமே முழுப் பணத்தோட வூட்டுக்குப் போலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபதாஸ் பழைய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தார். தானியேல், வயது ஆறு. மிஷன் துரை எவனோ கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான். போதகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு தானியேல் நடந்தார். முழங்கால் வலி கொஞ்ச தூரத்துக்கு மறந்துபோயிருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. மனைவி ரெபேக்காளுக்கு மூச்சிளைப்பு. அரக்கோணம் ரயில்வே ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை மாத்திரை கொடுப்பார்கள், காசில்லை. அவர் ஓய்வு பெற்றால் அந்த மாத்திரையும் நின்றுவிடும். கிராஜுவிட்டிப் பணத்தில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். உலக யுத்தம் முடிந்தும் மருந்து விலை இறங்கவில்லை. அந்தப் பணமும் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்ற இடம் வந்ததும் யோசனையை அப்படியே விட்டுவிடுவார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ரெபேக்காள் முகம் சுளிக்கவில்லை.

"நல்லதாப் போச்சு. எத்தினி நாளைக்குத்தான் நடப்பீங்க? எனக்கு மாத்திர இல்லாம பூடும்னுதான பயந்துகினு இருக்கீங்க? இருங்க வரேன்."

பரண் மேலிருந்து ஒரு பிஸ்கோத்து டப்பாவை இறக்கினாள். மூடியைத் திறக்கும்போது அவள் முகத்தில் அத்தனை பெருமை. உள்ளே வாய்வரைக்கும் மாத்திரை.

"ஏது இவ்ளோ?"

"மூணு வருசமா சேத்துகினு வரேன். ரெண்டு குடுத்தா ஒண்ணுதான் சாப்புடுவேன். ஒண்ணு இதுல போட்டுருவேன். நீங்க நின்னுட்டா அப்பால யாரு குடுப்பாங்க?"

தானியேல் டப்பாவைப் பாயில் கவிழ்த்தார். மேலே இருந்தவை வெள்ளையாக விழுந்தன. அடியில் இருந்தவை மூன்று மழைக்காலத்து ஈரத்தில் பழுப்பேறி, ஒன்றோடொன்று ஒட்டி மாவாகிவிட்டிருந்தன. ரெபேக்காள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளும் அன்றுதான் அடிவரை பார்க்கிறாள்.

இந்த மூன்று வருஷத்தில் நான்கு தடவை அவளைத் தாங்கிப் பிடித்து ரயிலேற்றிக்கொண்டு போயிருக்கிறார். மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று டாக்டரே குழம்பியிருக்கிறார். ராத்திரி ராத்திரியாக அவள் மூச்சுக்கு இழுத்ததெல்லாம் இந்த டப்பாவை நிரப்பத்தான். தானியேலுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யார் மேல் கத்துவது? மாத்திரை நின்றுபோகும் அந்த ஒரே நாளை நினைத்துத்தான் அவரும் பயந்தார், அவளும் பயந்தாள்.

"பைத்தியக்காரி" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு, புதுப் பொட்டலத்திலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டையும் முழுங்கு. நான் பாத்துட்டுதான் போவேன்."

"லெட்டர எடுத்துக்கலியா?"

"அது வேதத்துக்குள்ளயே கெடக்கட்டும். ரிஜிஸ்டர்ல எனக்கு நாப்பத்தொம்போதுதான். அதுக்குள்ள கெழவன்னு முடிவு கட்டிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீரோடு இரண்டையும் விழுங்கினாள். தானியேல் அவளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சுத்தியலைத் தோளில் ஏற்றிக்கொண்டு பொன்பாடிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.