நாச்சக்காளுக்கு நான் மாற்றிக்கொடுத்த கண்ணாடிகள்

ஒரு பெண்ணின் பார்வை போனதற்கு நானே காரணம். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான்! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கோயமுத்தூர்க் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். சென்னையில் தொழில் பழகியவன். சோமனூரில் தறி நெய்யும் குடும்பத்து நாச்சக்காள் நாற்பது வயதில் என்னிடம் வந்தார். அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை என்றார். நாற்பதில் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்துதான் என்று சொல்லி, சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்னிடம் ஊசியும் நூலும்தான் பரீட்சை. பிளஸ் ஒன்று பவரில் சட்டென்று கோத்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் திரும்பி வந்தார். பவரைக் கூட்டினேன். மூன்று மாதத்தில் மறுபடியும்! அன்றுதான் அதைச் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, வெளக்கச் சுத்தி வானவில்லாட்டம் வட்டமாத் தெரியுதுங்க. மண்டை வேற பொளக்குதுங்க."

எனக்குத் திக்கென்றது. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்று யாரேனும் சொன்னால் கண்ணாடியைத் தொடாதே, கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறுகிறது, உடனே டாக்டரிடம் அனுப்பு... எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான்.

பிறகு ஏன் அனுப்பவில்லை? கேளுங்கள்! முன்பொருமுறை நான் அனுப்பிய ஆளின் கண்முன்னே கண் டாக்டர் என் சீட்டைக் கசக்கி எறிந்து, "கண்ணாடி விக்கறவனுக்கு வைத்தியம் என்னத்துக்கு?" என்று சிரித்தாராம். கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. இனி எந்த டாக்டர் வாசலுக்கும் ஒருவரையும் அனுப்புவதில்லை என்று வீம்பு பிடித்தேன்.

அன்றும் நாச்சக்காள் ஊசியில் நூல் கோத்தார். அது போதும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, பவரை இன்னும் கூட்டினேன். ஓரத்துப் பார்வை செத்தாலும் நடுப்பார்வை ஊசி கோக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எழுந்து போகையில், பட்டப்பகலில், பக்கத்தில் கிடந்த பெஞ்சில் இடித்துக்கொண்டார். அதையும் பார்த்தேன்... "பாத்துப் போங்க அக்கா" என்றேன்.

சே! நானும் ஒரு மனிதனா?

மறுவருடம் அவர் மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்த டாக்டரிடமே போய்விட்டு வந்திருக்கிறார்கள். நரம்பு செத்துவிட்டது, முன்னமே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம். மகள் என்னை முறைத்தாள். தாய் அவளை அடக்கினார்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாத கண்ணு. மூணு தடவ பாத்துப் பாத்துத்தான் மாத்திக் குடுத்தாரு. எங்கண்ணுக்குக் குடுப்பினை இல்ல."

பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னொருக்காப் பவரை ஏத்திப் பாருங்க தம்பி."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? பெட்டியில் இருந்ததிலேயே தடித்த வில்லையை எடுத்துப் போட்டேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். என் மனம் நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ...

"இப்பத் தேவலீங்க தம்பி" என்றார்.

அந்தப் பவரிலேயே ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். இன்றும் அதை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாராம்.