ஆளில்லாத ஊருக்கு இரண்டு எம்.பி.

காணாமல் போன ஊர்களுக்கு முகவரி தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். கல்யாண வீட்டில் யாராவது "என்னம்மா வேலை பார்க்கிறே?" என்று கேட்டால், ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாமல் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்பவர்களே, நானும் உங்கள் கட்சிதான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம். ஐரோப்பாவில் முன்பு இருந்து பிறகு ஒழிக்கப்பட்ட தேர்தல் தொகுதிகளை எல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பிரான்சையும் போலந்தையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ள, ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு அயர்லாந்து என் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தது. அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்தபோது அதை மூடிவிட்டார்கள். கூடவே பல தொகுதிகளும் போயின. அவற்றில் ஒன்று, வெக்ஸ்ஃபோர்ட் கடற்கரையில் இருந்த பன்னோ.

பூச்சியம் செல்லாது

பன்னோ ஒரு காலத்தில் துறைமுகப் பட்டினம். மணல் வந்தது. முதலில் துறைமுகத்தை மூடியது, பிறகு தெருக்களை மூடியது. ஒரு தேவாலயத்தின் இடிந்த சுவர்கள்தான் மிஞ்சின. நம் ஊர்க்காரர்களுக்குத் தனுஷ்கோடி என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். ஆனால் தனுஷ்கோடியில் நடக்காத ஒன்று பன்னோவில் நடந்தது. ஊர் போன பிறகும் அந்த ஊருக்கு இரண்டு எம்.பி.க்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேறெங்கோ வசித்த சில கனவான்கள் காகிதத்தில் 'பன்னோ நகரத்தார்' ஆனார்கள். அந்தப் பக்கத்துப் பெரிய பிரபு யாரைக் கைகாட்டினாரோ அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலை முடிந்தது.

இதை வரைபடத்தில் ஏற்ற உட்கார்ந்தேன். 'குடியிருப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டேன். கணினி சிவப்பாகக் கத்தியது. காலியாக விட்டேன், அதற்கும் கத்தியது. மென்பொருளை எழுதிய டோபியாஸிடம் போனேன். பையன் நல்லவன், ஆனால் சட்டை மடிப்பில்கூட ஒழுங்கு பார்ப்பவன். தேநீர் ஆறும் வரை நான் சொன்ன கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு திரையை என் பக்கம் திருப்பிச் சொன்னான்: "மனிதர்களே இல்லையென்றால் அது தொகுதி இல்லை, தட்டச்சுப் பிழை."

அரை எம்.பி.

எங்கள் கட்டடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர் ஜெசிந்தா அக்கா. மன்னார்க்காரர். முதலில் ஹம் நகரில் தம்பி குடும்பத்தோடு இருந்துவிட்டுப் பிறகு இங்கே வந்தவர். உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டே உலக விஷயம் விசாரிப்பார். வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் ஜெர்மானியர்கள் பெருமூச்சு விடுவார்கள். அக்கா அதைச் சட்டை செய்ய மாட்டார்.

ஒருநாள் பன்னோ கதையைச் சொன்னேன். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மணல் மூடினது சரி. எங்கட பக்கமும் மணல்தான். பிறகு வோட்டுப் போட்டது ஆர்?"

"அதான் அக்கா மேட்டரே. அந்த ஊர்லேர்ந்து ஒருத்தரும் போடல."

"ஒருத்தருமில்லையோ! பிறகும் எம்.பி. போனவையோ?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு."

அக்கா சிரிக்கவில்லை. அன்றுதான் தன் கதையைச் சொன்னார். அவருக்கு வாக்குரிமை வயது வந்தபோது அங்கே சண்டை. முகாம் முகாமாக அலைந்ததில் ஒரு தேர்தலும் வாய்க்கவில்லை. இங்கே முதலில் அகதி, பிறகு வெளிநாட்டுக்காரி. தலை நரைத்துவிட்டது, இதுவரை ஒரு வாக்குக்கூடப் போட்டதில்லை. ஜெர்மன் குடியுரிமைக்கு Antrag, அதாவது விண்ணப்பம், கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பொதுத்தேர்தல் வருகிறது. அதற்குள் கிடைக்குமா என்பதுதான் அவருடைய ஒரே கவலை. இவ்வளவையும் சொல்லிவிட்டு என் தட்டில் ஒரு கரண்டி அதிகமாக வைத்தார்.

"ஆக்களில்லாத ஊருக்கு ரெண்டு எம்.பி. நான் முழு ஆள் இஞ்ச நிக்கிறன், எனக்கு அரை எம்.பி.கூட இல்லை."

சுவரா, புகைபோக்கியா?

எங்கள் துறையில் ஆண்டுக்கொரு முறை பொதுமக்களைக் கூப்பிட்டு, அவர்கள் வரிப்பணத்தில் என்ன கூத்தடிக்கிறோம் என்று காட்ட வேண்டும். எனக்கு ஒரு மேசையும் பன்னோவின் பெரிய படமும் கொடுத்தார்கள். ஆளில்லாத ஊரில் தேர்தலை எங்கே நின்று நடத்தினார்கள் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. இடிந்த சுவரருகே என்று சிலர் சொல்வார்கள். மணலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த புகைபோக்கி ஒன்றைச் சுற்றி நின்று என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் புகைபோக்கிதான் பிடிக்கும் என்பதால் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வரலாறு படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். நாள் முழுக்க மேசையருகே நின்று பாருங்கள், தெரியும்.

கோட்டு போட்ட ஒரு பெரியவர் மட்டும் நகரவே இல்லை. வாக்குச்சாவடி அதிகாரி யார், பட்டியலைச் சரிபார்த்தது யார், எத்தனை மணிக்கு மூடினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். "ஐயா, ஊரில் ஒருவரும் இல்லை. வாக்காளர்கள் எல்லாம் வெளியூர்" என்று மறுபடி சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. ஒரு நாட்டின் மானத்தையே காப்பாற்றிவிட்டவர் மாதிரி என் கையைக் குலுக்கினார்.

"அப்படிச் சொல்லுங்கள், தபால் வாக்கு!"

உருளைக்கிழங்கு குறைந்த மாதங்கள்

குடியுரிமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. நாள் போகப் போக அக்காவின் கரண்டி சுருங்கியது. இன்னும் ஆவணம் வேண்டும் என்று ஒருமுறை கேட்டார்களாம். கொடுத்தார். மறுபடி மௌனம். நகரம் முழுக்க விளக்குக் கம்பங்களில் வேட்பாளர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்க ஆரம்பிப்பதற்குள் காகிதம் கைக்கு வர வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பன்னோவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பெயர் கிடைத்த சந்தோஷத்தில், வரிசையில் நின்றபடி அதைச் சொல்லிக் குதித்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம்தான், சந்தேகமில்லை.

"தங்கச்சி, செத்த ஊரின்ரை வோட்டை நீங்கள் இவ்வளவு தேடுறியள். உயிரோட நிக்கிறவளின்ரை வோட்டை ஒருத்தரும் தேடேல்லை."

Termin

தேர்தலுக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது Termin, அதாவது அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லும் தேதி, வந்தது. அக்கா என்னைத் துணைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அதைச் சமாதானக் கொடி என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா மாம்பழ நிறச் சேலை, மேலே தடித்த குளிர் ஜாக்கெட். உறுதிமொழியை ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தார். பெண் அதிகாரி எழுந்து நின்று குடியுரிமைச் சான்றிதழைக் கொடுத்து, "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார்.

"நான் இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாமா?" என்று ஜெர்மனில் கேட்டார் அக்கா. தாராளமாக, அழைப்பு அட்டை வீட்டுக்கே வரும் என்றார் அந்த அம்மாள். அக்கா அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டு, அதே பதிலை இன்னொரு முறை வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கதவுவரை வந்து வழியனுப்பிய அதிகாரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எல்லோரும் முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் கேட்பார்கள்."

விரல்

தேர்தல் ஞாயிறு. பக்கத்துப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. எனக்கு வாக்கு கிடையாது, நான் இன்னும் விசாக்காரி. ஆனால் இங்கே யார் வேண்டுமானாலும் ஓரமாக நின்று பார்க்கலாம். இல்லாத வாக்காளர்களை இரண்டு வருடமாகத் தேடியவளுக்கு ஒரு நிஜ வாக்காளரைப் பார்க்கும் ஆசை இருக்காதா? வகுப்பறை வாசலில் நின்றுகொண்டேன்.

"சீட்டிலை ரெண்டு புள்ளடியாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அக்கா. நாங்கள் பொத்தானை அமுக்குகிற ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரிலோ சீட்டில் பெருக்கல் குறி போடுவதுதான் வழக்கம், அதற்குப் பெயர்தான் புள்ளடி. இங்கேயும் அதே குறிதான், வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மறைப்புக்குப் பின்னால் நெடுநேரம் இருந்தார். வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார். பிறகு நகரவில்லை. பெட்டியருகே இருந்த வெள்ளைத்தாடிக்காரருக்கு நேராக இடது கையை நீட்டி, சுண்டு விரலை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

மை! எனக்குச் சட்டென்று புரிந்தது. ஓடிப்போய்ச் சொல்வதற்குள் தாடிக்காரர் குழம்பி, விரலைப் பார்த்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, கடைசியில் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் என்னவோ விசேஷம் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள். இங்கே மை பூசுவதில்லை என்று வெளியே வந்து சொன்னேன். அக்கா படியில் நின்று வெறும் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பாவின்ரை சின்னி விரலிலை அந்த மை கனநாள் கிடக்கும். நாங்கள் பிள்ளையள் தொட்டுத் தொட்டுப் பாப்பம். நாளைக்கு வேலைக்குப் போய் ஆருக்கு என்னத்தைக் காட்டுறது, தங்கச்சி? நான் போட்டனான் எண்டதுக்கு ஆர் சாட்சி?"

வாக்காளரே இல்லாத ஊரின் தேர்தலுக்கு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாட்சி தேடுகிற நான், ஜெசிந்தா அக்கா போட்ட இரண்டு புள்ளடிக்குக் கூலி இல்லாச் சாட்சியாகி, மறுநாள் சாப்பாட்டுக் கூடத்து வரிசையில் ஆள் ஆளாகப் பிடித்து, "நான் பார்த்தேன், போட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.